யாரும் எடுக்காத புத்தகத்துக்கு அண்ணி பேசிய வரன்

நெய்வேலி டவுன்ஷிப்,
புதன்கிழமை.

அன்புள்ள கொழுந்தனார் செல்வகுமார் அவர்களுக்கு, அண்ணி அம்சவல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் நலம். காடாம்புலியூரில் நீங்களும் சரிதாவும், தோப்பில் நிற்கும் பலா மரங்களும், அவற்றைவிட அசையாமல் சோம்பலாகக் கட்டிலில் கிடக்கும் உங்கள் உடம்பும் நலமாக இருக்க அந்த வள்ளலார் துணையிருப்பார். போனில் சொல்லலாம் என்றால், பாதிப் பேச்சில் "அண்ணி, தோப்புல ஆளு நிக்குது" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைக்க முடியாது இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

நான் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் நூலகத்துக்குப் புது நூலகராக சத்யப்பிரியா மேடம் வந்திருக்கிறார். சின்ன வயசு, ஆனால் சுறுசுறுப்பு. வாசலில் ஒரு அலமாரி போட்டு, இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை அதில் வைக்க வேண்டும், பக்கத்தில் அவரவர் போட்டோ, ஏன் படிக்கலாம் என்று நாலு வரி, இப்படி ஒரு ஏற்பாடு செய்தார். "நான் தொடப்பம் புடிக்கிறவ மேடம், எனக்கு எதுக்கு?" என்றேன். "நீங்களும் ஸ்டாஃப்தாங்க" என்றார். அப்படிச் சொன்ன பிறகு விடுவேனா? உங்கள் கல்யாணத்துக்குக் கட்டின அதே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டோ முடிந்தது, புத்தகம்தான் இல்லை. நான் நாலாவது வரை படித்தவள். பேசுவதை அப்படியே கடிதமாக எழுதுவேன், போர்டைப் படித்து வடலூர் பஸ்ஸில் தப்பாமல் ஏறுவேன், அவ்வளவுதான்.

அதே வாரம்தான் ரொம்ப வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கயிற்றில் கட்டி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டு போடும்போது பார்க்கிறேன், நடுவில் ராமசாமி சாருடைய புத்தகம். இவர் மைன்ஸில் நிலக்கரி ஏற்றி வரும் பெல்ட் செக்ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு வடலூரில் இருக்கிறார். 'பெல்ட்டும் நானும்' என்று சொந்தமாகப் புத்தகம் அச்சடித்து எங்கள் நூலகத்துக்கு ஒன்று கொடுத்தார். தினமும் பஸ் ஏறி வந்து பேப்பரை விரித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலாக அந்தப் புத்தகம் இருக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னா சார், யார்னா எடுத்தாங்களானு காவல் இருக்கீங்களா?" என்று கிண்டல் பண்ணுவேன், சிரிப்பார். பின்னால் ஒட்டிய தேதித் தாள் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நாளைக்கு அந்த மனுஷன் வந்து பார்த்துத் தட்டு காலியாக இருந்தால்? கயிற்றைத் தளர்த்தி உருவிக்கொண்டு போய் என் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

சரி, நாலு வரிக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் வரன் பேசுவதுதானே. சரிதா வீட்டில் உங்களைப் பற்றி என்னென்ன அளந்தேன் என்று உங்களுக்கே தெரியும். அதே தைரியத்தில் எழுதினேன்: "ரொம்ப அடக்கமான புத்தகம். இதுவரை வெளியே எங்கேயும் போனதில்லை. பார்க்க எளிமை, உள்ளே குணம். தகப்பனார் ரிடையர்டு பெர்மனென்ட். ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்." மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது, ஆனால் அப்படியே ஒட்டிவிட்டார்.

மறுநாளே விஷ்ணு என்கிற ஷிப்ட் ஆபரேட்டர் பையன் அதை எடுத்தான். ராமசாமி சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேப்பரைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போய்விட்டார். பையனுக்கு நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூங்க வேண்டியவன். இவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பெல் அடித்து, "எத்தனாவது பக்கம் வந்திருக்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். விஷ்ணு கண் சிவக்க ஓடி வந்தான். "யக்கா, பொண்ணு பார்த்துட்டுப் போலாம்னு வந்தா மாமனாரு கூடவே வந்துட்டாருக்கா! இந்தா புடி."

அடுத்து எடுத்தவர் ராஜாம்பாள் டீச்சர். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்று சாரிடம் சத்தியம் வாங்கினேன். பாவம், பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார். புத்தகம் திரும்பி வந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை! சுழி, கட்டம், அம்புக்குறி, சந்திப் பிழை, ஒற்றுப் பிழை. "பிழையைப் பார்த்தா கை தானா போகுது, நான் என்ன பண்றது?" என்கிறார் டீச்சர். மேடத்துக்குக் கோபம். "மை பட்ட புத்தகத்தை அலமாரில வைக்க முடியாதுங்க, கழிச்சாகணும்" என்று சொல்லிவிட்டார். எதற்குப் பயந்து உருவினேனோ அதே கட்டுக்கே போகப் போகிறது. நான் முந்தானையில் மறைப்பதற்குள் ராமசாமி சார் வந்து வாங்கிவிட்டார்.

மனுஷன் இடிந்துபோவார் என்று தண்ணிச் செம்பை எடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. முகம் மலர்ந்து, "யம்மா, கடைசி வரைக்கும் செவப்பு இருக்குது. அப்படினா கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்கம்மா" என்றார். பிறகு அடியில் டீச்சர் எழுதியதைக் காட்டினார்: 'அடுத்த பதிப்பில் திருத்தவும்.' "அடுத்த பதிப்புனு எழுதியிருக்காங்க, பார்த்தியா! அடுத்த பதிப்பு!" நான் எடுத்த தண்ணிச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி. அவர் உடனே பஸ் ஏறி வடலூர் போய், கட்டிலுக்கு அடியில் இருந்து புதுப் பிரதி ஒன்று கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சிவப்பு மைப் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

விஷயம் இவ்வளவுதான். நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை, நானும் படிக்கவில்லை. சிரித்தால் போதும். சரிதாவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டு நூறு வயசு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பெண் பார்த்த பாவத்துக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணி,
அம்சவல்லி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ராமசாமி சார் வந்து, "அத்தன புத்தகத்துல என்னுத ஏம்மா எடுத்த? எந்த எடம் புடிச்சிது?" என்று கேட்டுவிட்டார். நான் அட்டையைத் தாண்டியதில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "எங்க கொழுந்தனாரு ரெண்டு தடவ படிச்சிட்டு அழுதாரு சார், அவரு சொல்லித்தான் எடுத்தேன்" என்று வாயில் வந்துவிட்டது. விலாசம் வாங்கிக்கொண்டார். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் காடாம்புலியூர் வருகிறார். ஆகவே 'படிக்க வேண்டியதில்லை' என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அலமாரியில் இருந்த புதுப் பிரதியை என் பேரில் எடுத்து இதோடு அனுப்புகிறேன், உடனே உட்கார்ந்து படியுங்கள். பெல்ட் அறுந்த இடம் ரொம்ப முக்கியமாம், அங்கேயாவது அழப் பழகிக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அதை மட்டும் சரிதாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.