பின்னால் ஒன்றுமில்லை என்று சொன்ன பெட்டி

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் அவரவர் அளவுக்கு நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எங்கள் பங்கையும் சேர்த்து நலமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். வீடு இரண்டே அறை. உன் அண்ணனுக்கு வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று, காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய காரைக் கொடுத்துவிடுவதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் நீ, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி கார், எங்க பெரியவன்கிட்ட குடுத்துடுங்க, வாடகைக் கார்ல போய்ட்டு வாங்க" என்றாய். அப்போது எனக்குச் சுருக்கென்றது. இப்போது நீ சொன்னதுதான் சரி என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

எல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியால் வந்தது. கார் வாங்கியபோது இலவசம் என்று மாட்டிக் கொடுத்தார்களே, அதுதான். உன் அண்ணன் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "எனக்குக் கழுத்து இருக்கு, திரும்பிப் பாத்துக்குறேன்" என்பார். அவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்றாம் மாதம், ஐம்பத்தெட்டு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள் அவரை முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். முன்னால் போவது எப்படியோ வந்துவிட்டது. பின்னால் போவதற்குப் பெட்டியை விட்டால் எனக்குக் கதியில்லை. என் கழுத்து எலும்பு தேய்ந்த கதைதான் உனக்குத் தெரியுமே.

ரிவர்ஸ் கியர் போட்டதும் பெட்டி விழித்துக்கொள்ளும். பின் பம்பரில் சட்டைப் பொத்தான் மாதிரி நான்கு சென்சார்கள் பதித்திருக்கிறார்கள். நம் காதுக்கு எட்டாத ஒரு ஒலியை அவை அனுப்புமாம், அது எதன்மீதாவது பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுமாம். பெட்டியில் இரண்டு பக்கமும் கோடுகள், நடுவில் மீட்டர் கணக்கில் ஒரு எண். ஒன்றரை மீட்டர் என்றால் பச்சைக் கோடு, விட்டு விட்டு ஒரு பீப். நெருங்க நெருங்க மஞ்சளாகும், பீப்புக்கும் அவசரம் வந்துவிடும். முப்பது சென்டிமீட்டருக்குள் போனால் முழுச் சிவப்பு, மூச்சு விடாமல் ஒரே கத்தல். எந்தப் பக்கம் கோடு ஏறுகிறதோ அந்தப் பக்கம் இடிக்கப்போகிறோம் என்று அர்த்தம். கையேட்டை மூன்று முறை படித்தேன், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத் தவிர.

முதல் வாரம் பின்னால் ஈ காக்காய் இல்லாத தெருவில் அது சிவப்பைக் காட்டிக் கத்தியது, நான் இறங்கிப் பார்த்தேன், யாருமில்லை, ஏறினேன், கத்தியது, மறுபடி இறங்கினேன், இப்படி நாலு தடவை ஏறி இறங்கி முழங்காலும் போயிற்று, கடைசியில் மெக்கானிக் வந்து ஒரு சென்சாரைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, கண்ணுல சேறு" என்றார். அடுத்த வாரம் மழைத்துளியைப் பார்த்துக் கத்தியது. சரி, இது பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டி, அது கத்தக் கத்த எடுத்தேன், அன்றைக்கென்று அது உண்மையைச் சொல்லியிருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரரின் இரும்பு கேட் வளைந்தது, அன்று முதல் அந்த மனுஷர் எனக்கு 'பைலட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அது சொல்வதே வேதம் என்று இருந்தேன், வாயே திறக்காமல் மாடிவீட்டுக்காரியின் பூந்தொட்டிகள் ஆறையும் நொறுக்க வைத்தது. பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பதும், மெல்லிய கம்பியும் அதன் கண்ணில் படாதாம். பொடி எழுத்தில் இருந்தது அதுதான்.

போன புதன்கிழமை சிகிச்சை மையத்தின் வாசலில் நட்டிருந்த மெல்லிய இரும்புக் கம்பி பின்விளக்குக்குள் ஏறிவிட்டது. பெட்டி அப்போதும் பச்சை. திரும்பிப் பார்த்தால் உன் அண்ணன் அழுகிறார். விளக்குக்காக என்று நினைத்து, "லைட்டுதானே, மாத்திக்கலாம் விடுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பக்கத்துக் கண்ணாடியில் அந்தக் கம்பி தெரிந்திருக்கிறது. இடிக்கப்போவது தெரிந்தும், சொல்ல வாயில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்காவது பெட்டி ஒரு பீப் போடும். அவருக்கு அதுவும் இல்லை. வாரம் மூன்று நாள் அவரை அந்தப் பாடு படுத்த என்னால் முடியாது.

ஆகவே சனிக்கிழமை பெரியவனை அனுப்பு. காகிதங்கள் பீரோவில் மேல்தட்டில் இருக்கின்றன. அண்ணன் தூங்கும் நேரம் பார்த்து வரச் சொல். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லாரும் கைகால் சுகத்தோடு நெடுநாள் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: இதை நேற்று எழுதி, இன்று போகிற வழியில் தபாலில் போடக் கைப்பையில் வைத்திருந்தேன், மறந்துவிட்டேன். சிகிச்சை முடிந்து கிளம்ப ரிவர்ஸ் போட்டேன். பெட்டியில் ஒரு கோடுகூட இல்லை. எடுத்தேன். உன் அண்ணன் இடது கையைக் குறுக்கே நீட்டி, உடம்பு மொத்தத்தையும் என் பக்கம் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். வண்டி குலுங்கி அணைந்தது. அந்த அளவுக்கு உடம்பைத் திருப்பச் சொல்லி எட்டு மாதமாகச் சிகிச்சைக்காரப் பெண் கெஞ்சுகிறாள். இறங்கிப் பார்த்தால் அவர் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு நாய் சுருண்டு தூங்குகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவருக்குச் சொல் ஒன்றும் வரவில்லை, ஆனால் முகம் சிவந்து, உதடு துடித்து, ஒரு நிமிஷம் முழுக்க என்னைத் திட்டினார். அவர் விழுந்ததிலிருந்து என்னை யாரும் திட்டவில்லை. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். "ஆயிடுச்சுப்பா" என்றேன்.

பெரியவனை அனுப்பாதே. போன வாரமே அவனிடம் சொல்லிவைத்துவிட்டாயானால் வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பட்டும்.