மாப்பிள்ளை, அந்தக் கார் திருட்டுப் பெட்டியை எடுத்துப் போகவும்

திருநெல்வேலி,
புரட்டாசி, செவ்வாய்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இசக்கிமுருகன் அவர்களுக்கு,

மாமனார் பிச்சைக்கண்ணு எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் சுகமாக இருப்பது உங்கள் அத்தை வடிவம்மாள் மட்டும். மகள் முத்துராணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

வீடு மாற்றுகிறபோது "கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும் மாமா" என்று டிவிக்கு அடியில் ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்களே, தசராவுக்கு வரும்போது அதை மறக்காமல் சென்னைக்கே எடுத்துப் போய்விடவும். குடும்பம் கெட்டுப்போகிறது. வண்ணார்பேட்டையில் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடிக்கிற உங்கள் அத்தை, அந்த விளையாட்டுக்குள் போனால் நடுரோட்டில் காரை மறித்து, ஓட்டுகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுப் பறக்கிறாள். "ஏலே, வழிய விடுலே!" என்று தெருவே கேட்கக் கத்துகிறாள். சாம்பார் கருகினால், "போலீஸ்காரன் பின்னால வருதான், நீங்க சட்டியப் பைய இறக்கி வைங்க" என்று எனக்கு உத்தரவு.

அந்த விளையாட்டின் பழைய பாகங்களையும் விட்டுவைக்கவில்லை. முதல் பாகத்தில் காக்கா பார்க்கிற மாதிரி ஊர் மேலிருந்துதான் தெரியும், ஆள் வெறும் புள்ளி. அடுத்தடுத்து ஆளுக்கு முதுகு வந்தது, முகம் வந்தது, ஊருக்கு மழை வந்தது, இப்போது நாய்கூடக் குரைக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டேன். "சொன்ன வேலையைச் செய்யாட்டாலும் அங்கன ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இஷ்டத்துக்குச் சுத்தலாம். நம்ம வீட்ல அப்படியா?" என்றாள்.

நானும் தொட்டேன், மறைக்கவில்லை. சீவலப்பேரி டவுன் பஸ்ஸை ஓட்டிய காலம் முழுக்க ஒரு கோழியைக்கூட அடிக்காதவன் நான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தக் கைகளை என்ன செய்வதென்றே தெரியாமல் கிடந்தேன். அங்கே ஒரு பஸ் நின்றது மாப்பிள்ளை! ஏறி உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்கள் அலறி இறங்கி ஓடினார்கள். போகட்டும் என்று சிக்னலில் நின்று, ஸ்டாப் ஸ்டாப்பாக நிறுத்தினேன். ஒருத்தரும் ஏறவில்லை. போலீஸ்தான் வந்தது. பஸ்ஸைத் திருடிவிட்டேனாம்! வருஷா வருஷம் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போலீஸ் வேஷம் கட்டி அம்மனுக்குக் காணிக்கை எடுக்கிற என்னையே சுடுகிறார்கள்! கடற்கரையில் இருக்கும் கடைசி ஸ்டாப்புக்கு ஒருநாளும் போய்ச்சேர விட்டதில்லை. அவமானம் தாங்கவில்லை. ஆகவே பெட்டியை எடுத்துப் போகவும்.

முத்தாரம்மன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பிச்சைக்கண்ணு, டிரைவர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை இதை வாசித்துவிட்டாள். "சிக்னல்ல நின்னுதான் மாட்டுனீங்களா? எடுங்க வண்டிய, நான் கண்டக்டர்" என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்தாள். ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. ஊர்ப் போலீஸ் மொத்தமும் பின்னால் வர, பஸ் கடற்கரைக்கு வந்துவிட்டது மாப்பிள்ளை! "சீவலப்பேரி எல்லாம் இறங்கு!" என்று அவள் கத்தியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி இங்கேயே இருந்தால் இந்த வருஷம் கள்ளன் வேஷம் கட்டுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். சாமி காரியம், குறுக்கே நிற்க வேண்டாம். வரும்போது அத்தைக்கு ஒரு கண்டக்டர் விசில் மட்டும் வாங்கி வரவும். ஊதி ஊதி உதடு வலிக்கிறதாம்.