ஒதிலியாவின் இரண்டு பாட்டில்கள்

"ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள் பல் டாக்டர் பெரால்தா.

செகுந்தோ நாற்காலியில் வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

ஒதிலியா திரைச்சீலையைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருமே அவளுடைய வாடிக்கையாளர்கள். மீன் விற்கும் தெல்ஃபினா இருமுவதைக்கூட நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது இங்கேயே தெரிந்தது.

பெரு நாட்டின் யூரிமாகுவாஸ் ஊர்ச் சந்தையில் மூலிகை என்றால் ஒதிலியா கடைதான். அந்தக் கடைக்கு இரண்டு பெருமைகள். ஒன்று கிராடோ பால். ஆற்றங்கரைத் தோட்டத்தில் அவளே கன்று வைத்து வளர்த்த மரங்கள். பட்டையைக் கீறினால் செக்கச்செவேலென்று பால் வடியும். வெட்டுக்காயத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் ரத்தம் உறைந்து நின்றுவிடும். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வந்து ஒரு பாட்டில் வாங்கிப்போய்ச் சோதனை செய்து, தாள் ஒன்று அனுப்பியிருந்தாள். சும்மா விட்டால் ரத்தம் உறைய எட்டு நிமிடம், ஒதிலியாவின் பால் சேர்த்தால் இரண்டே நிமிடம். அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்கு ஒரு விரற்கடை மேலே மாட்டியிருந்தாள்.

இன்னொன்று பூனைநகக் கஷாயம். பூனைநகக் கொடியின் பட்டையைக் காய்ச்சி வடித்தது. இது நேர் எதிர். கெட்டிப்பட்ட ரத்தத்தை நீர்க்க வைக்கும் என்பது அவள் வாக்கு. இதற்குத் தாள் கிடையாது, செகுந்தோதான் அத்தாட்சி. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நின்று, சந்தை பார்க்க ஒரு கிளாஸ் குடிப்பான். "இவர் ரத்தம் ஆறு மாதிரி ஓடுது" என்று பக்கத்தில் நின்று அவள் சொல்வாள்.

"சாப்பிடறார்" என்றாள் ஒதிலியா, திரைச்சீலைக்கும் கேட்கிற மாதிரி. "காலையிலகூட ஒரு கிளாஸ். என் கஷாயம்."

டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைத் தட்டில் வைத்துவிட்டாள். "அப்போ இன்னைக்கு முடியாது. ஒரு வாரம் அதை நிறுத்திட்டு வாங்க. பிடுங்கினப்புறம் ரத்தம் நிக்கலன்னா என்ன பண்றது?"

"நிக்காம எங்க போயிடும்? என் கிராடோ பால் இருக்கே."

"ரத்தம் ஓடறதுக்கும் நீங்கதான் மருந்து விக்கறீங்க, நிக்கறதுக்கும் நீங்கதான் விக்கறீங்களா?"

"ஆமா" என்றாள் ஒதிலியா. அதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் செகுந்தோ பிடித்துக்கொண்டான். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் பல்லு போயிருக்கும். உனக்கு என் பல்லு பெரிசா, உன் பாட்டில் பெரிசா?"

"பல்லு உங்களுக்கு முப்பத்திரண்டு. எனக்கு பாட்டில் ரெண்டுதான்."

பல் பிடுங்கப் போகிறோம் என்று காலையிலிருந்து கஷாயத்தைத் தவிர அவன் எதுவும் சாப்பிடவில்லை. கடைக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு தட்டு தக்காச்சோ வாங்கினான். சுட்ட வாழைக்காயைப் பன்றிக்கொழுப்போடு இடித்து உருட்டிய உருண்டை, பக்கத்தில் புகையில் வாட்டிய இறைச்சி.

"அந்தப் பக்கம் வச்சு மெல்லாதீங்க" என்றாள் ஒதிலியா.

அவன் அந்தப் பக்கம்தான் மென்றான். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. உருண்டையை வெளியே எடுத்துப் பார்த்தான். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் அதில் வேரோடு நட்டுக்கொண்டு நின்றது. வாயிலிருந்து ரத்தம் மோவாய்க்கு வழிந்தது.

எதிர்க்கடைக்காரர் அபெலினோ கவுன்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார். மாத்திரை விற்கும் மருந்துக்கடை அவருடையது. "பொறுங்க அக்கா, அவசரப்படாதீங்க. ரெண்டு நிமிஷம்னுதான போட்டிருக்கு சட்டத்துல? நான் மணி பார்த்துக்கறேன்."

"பாருங்க அண்ணே, நல்லாப் பாருங்க" என்றாள் ஒதிலியா. அவளுக்குப் பயமே இல்லை. இந்தப் பால் கத்தி வெட்டைப் பார்த்திருக்கிறது, பிரானா மீன் கடியைப் பார்த்திருக்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பல் இருந்த குழியில் வைத்து அழுத்தினாள்.

இரண்டு நிமிடம் ஆனது. செகுந்தோ குனிந்து வாளியில் துப்பினான். சிவப்பாக விழுந்தது.

"ரெண்டு" என்றார் அபெலினோ.

"ஒரு சொட்டு காயத்துக்கு. இது குழி" என்று சொல்லி ஒரு பஞ்சு நிறைய ஊற்றி வைத்தாள். அவன் துப்பினான். இன்னும் சிவப்பு.

"நாலு."

ஒரு தேக்கரண்டி ஊற்றி, வாயை மூடி வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தத் துவர்ப்பில் செகுந்தோவின் முகம் சுருங்கிக் கண்ணில் நீர் வந்தது. துப்பியபோது முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. இவர்கள் பின்னாலேயே சந்தைக்குத் திரும்பியிருந்த தெல்ஃபினா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூட்டைக்காரர்கள் மூட்டையோடு நின்றார்கள்.

"எட்டு ஆச்சு" என்றார் அபெலினோ. "எட்டுல மருந்தே இல்லாம நின்னுடும்னு அந்தத் தாளே சொல்லுது. தாளைக் கொஞ்சம் திருப்பி மாட்டுங்கக்கா."

ஒதிலியாவுக்குக் காது சுட்டது. அவளுக்குள் யோசனை குறுக்கும் நெடுக்கும் ஓடியது. ரத்தம் நின்றால் கஷாயம் பொய். நிற்காவிட்டால் பால் பொய். இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னொன்றைக் கைவிட வேண்டும். இரண்டும் அவள் பெற்றவை.

"எப்படிண்ணே நிக்கும்?" என்று கேட்டாள், கூட்டத்தைப் பார்த்து. "காலையில இவர் குடிச்சது யார் கஷாயம்? நீங்க எல்லாரும் பார்க்கத்தானே குடிச்சார்? சந்தையிலேயே இதுக்கு மேல ரத்தம் நீர்த்த ஆம்பளை கிடையாது. கிராடோவையே ஜெயிக்குதுன்னா அது எப்பேர்ப்பட்ட கஷாயம், நீங்களே சொல்லுங்க."

கூட்டம் யோசித்தது. தெல்ஃபினாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "எங்க வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப் போகுது. மூணு பாட்டில் குடு."

அதன்பிறகு கைகள் நீண்டன. பத்து நிமிடத்தில் கஷாய அலமாரி காலி. செகுந்தோ வாளியும் கையுமாக நடுவில் உட்கார்ந்து, தன் வாயால் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒதிலியாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மூட்டைக்காரர் ஒருவர்தான் கெடுத்தார். "அக்கா, நான் மூணு மாசமா இதைக் குடிக்கறேன். தினம் சவரம் பண்றேன். கத்தி பட்டா எனக்கும் இவர் கதிதானா?"

அதைக் கேட்டதும் பாட்டில் வாங்கிய எல்லோரும் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்கள்.

"கத்தி பட்டா கிராடோ பால் இருக்குல்ல" என்றாள் ஒதிலியா, பழக்க தோஷத்தில்.

"அது இவருக்கே நிக்கலையே."

"அளவு போதலை" என்றாள். இருந்த கடைசிப் பெரிய பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். "வாயைத் திறங்க."

"வேணாம் ஒதி" என்றான் செகுந்தோ. நாக்கு தடித்து வார்த்தை குழறியது. "எனக்கு மருந்தே வேணாம். டாக்டரம்மாகிட்ட போகலாம்."

"திறங்க."

பாதி பாட்டில் உள்ளே போனது. வாளியில் அவன் துப்பியதைப் பார்த்துவிட்டுத் தெல்ஃபினா சிலுவை போட்டுக்கொண்டாள். அபெலினோகூட மணி பார்ப்பதை நிறுத்திவிட்டார். "அக்கா, விளையாட்டு போதும். வண்டியில ஏத்துங்க" என்று அவரே மோட்டார் ரிக்‌ஷா ஒன்றைக் கைதட்டி நிறுத்தினார்.

வண்டியில் செகுந்தோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டபோதுதான் ஒதிலியாவுக்குப் பயம் வந்தது. இருபத்தாறு வருடமாகக் காலையில் அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தவன். ஒரு நாள்கூட மாட்டேன் என்றதில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"வேற ஆளைப் பிடி" என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஒன்பது மணிக்குக் குடிக்கறதுக்கு."

அவர்களுக்குப் பின்னாலேயே பாதிச் சந்தை வந்து சேர்ந்தது. டாக்டர் வீட்டு ஜன்னலில் தலை தலையாக முளைத்தது. கஷாய பாட்டில்களும் கூடவே வந்திருந்தன. டாக்டர் பெரால்தா கையுறை மாட்டுவதற்குள் ஒதிலியா அவள் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், சபையில சொல்றேன். என் பால் தோத்துப் போச்சு. நாப்பது நிமிஷமா ஊத்தறேன், நிக்கல. என் கஷாயத்தோட பலம் அப்படி. எங்க வேணா எழுதிக்குங்க. இவரை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

ஜன்னலில் இருந்தவர்கள் மரியாதையோடு தலையசைத்தார்கள். தெல்ஃபினா தன் மூன்று பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கை இழுத்து வைத்தாள். உதவிப்பெண் மில்கா ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னாள். செகுந்தோ கொப்பளித்தான், சிவப்பு. மறுபடி கொப்பளித்தான், இளஞ்சிவப்பு. மூன்றாவது தடவை விழுந்தது வெறும் தண்ணீர். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, வெகுநேரம் பார்த்தாள். பிறகு மில்காவிடம் கண்ணாடியைக் கொடுத்தாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலில் இருந்த அத்தனை பாட்டில்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அக்கா, ரத்தம் உங்க முதல் சொட்டுலயே நின்னு உறைஞ்சிருக்கு, இவரு இவ்வளவு நேரமா துப்பினதெல்லாம் நீங்க ஊத்தின பாலு."