மாடித் தொட்டியும் மரக்காணத்து விரலும்

வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள் பல உண்டு. திண்டிவனம் கிருஷ்ணசாமி அத்தனையும் கடைப்பிடித்தார். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு, மாடியில் மனைவி அம்சாவோடு குடியிருந்தார். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மட்டும் சத்தமில்லாமல் கீழ்வீட்டு மீட்டரில் சேர்த்திருந்தார். இதை ஊரில் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. வீட்டு ஏற்பாடு என்பார்கள்.

கீழ்வீட்டில் இருந்தவன் மணிமாறன், மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பையன், பரம சாது. அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் கிருஷ்ணசாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போ" என்பார். நல்ல பழக்கம் சொல்லித் தருவதில் கஞ்சத்தனம் கூடாதல்லவா? மின் அலுவலகத்துக் குறுஞ்செய்திகள் தம்மைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவனுடைய செல்போன் எண்ணையே அந்த இணைப்புக்குப் பதிந்தும் வைத்திருந்தார்.

மணிமாறன் போன வாரம் வீட்டைக் காலி செய்தான். விளக்கை அணைத்தான், ஃபேனை அணைத்தான், போனில் மின் வாரியச் செயலியைத் திறந்து, 'வீடு காலி, மின்சாரம் தேவையில்லை' என்று அழுத்தி இணைப்பையும் அணைத்தான். மறுநாள் காலையே லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். அந்த அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்து தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"ஏங்க, கொழாயில வெறும் காத்துதான் வருது" என்றாள் அம்சா.

கிருஷ்ணசாமி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே மின் அலுவலகச் சுவரில், 'எங்கள் சேவை உங்கள் விரல் நுனியில்' என்று பெரிய பலகை. விரல் யாருடையது என்று எழுதவில்லை. அதிகாரி சூர்யகலா கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"காலி வீட்டுக்கு எதுக்குங்க கரண்டு?"

"வாடகைக்கு வர்றவங்களுக்கு வீட்டக் காட்டணுமே மேடம்."

"பகல்ல காட்டுங்க."

மோட்டார் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. கிருஷ்ணசாமி அதை விழுங்கினார். சொன்னால் மோட்டாரோடு மானமும் சேர்ந்து வெளியே வரும்.

"நிறுத்தச் சொன்ன நம்பர்லருந்தே திரும்பக் கேக்கணும். இல்லன்னா அங்க ஆள் குடியிருக்கணும். நேர்ல வந்து பாத்து எழுதுவாங்க" என்றார் சூர்யகலா.

"கரண்டு இல்லாம யாரு மேடம் குடி வருவாங்க?"

"யாரும் குடி வர்லன்னா கரண்டு எதுக்குங்க?"

இதற்கு மேல் தர்க்க சாஸ்திரத்தில் இடமில்லை. மணிமாறனைக் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஆகவே கிருஷ்ணசாமி பாயையும் அடுப்பையும் மெழுகுவர்த்தியையும் தூக்கிக்கொண்டு, தம் சொந்த வீட்டில் தாமே குடித்தனக்காரராக அம்சாவோடு கீழே குடியேறினார். அம்சா எதிர்வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

பார்வையிட வந்தவர் சீனுவாசன். வேர்வை வழிய உட்கார்ந்திருந்த தம்பதியைத் திருப்தியோடு பார்த்தார்.

"எத்தினி நாளா இருக்கீங்க?"

"மூணு நாளாச்சு சார்" என்றார் கிருஷ்ணசாமி பெருமையாக.

"கரண்டு இல்லாமலே மூணு நாளு நல்லாத்தான இருந்துக்கினு இருக்கீங்க? அப்ப தேவையில்லன்னு எழுதிடறேன்."

அம்சாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மேல தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரு இந்த மீட்டர்லதான் சார் ஓடுது. இவரு வாயத் தெறக்க மாட்டாரு. தண்ணி வர்லன்னா நான் எங்க அக்கா வூட்டுக்கு மேல்மலையனூர் போயிடுவேன்."

சீனுவாசன் கோபப்படவில்லை. பேனாவை மூடினார். முகம் வெளிறி வாசலுக்குப் போய்த் தம் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏய், கீழ்வூட்டுக்காரங்க காலி பண்றாங்க இல்ல? போன்ல எதையும் அணைக்க வேணாம்னு சொல்லு. ஜல்தி."

திரும்பி வந்து, "சட்டம்னா சட்டம்தான் சார். அணைச்ச வெரலுதான் போடணும்" என்றார் கனிவாக.

வேறு வழியில்லை. அவர் போனதும் கிருஷ்ணசாமி மணிமாறனைக் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். கடல் எப்படி, காற்று எப்படி என்றார். கடைசியில், "ஒண்ணுமில்ல தம்பி, அந்தக் கரண்ட…" என்று இழுத்தார்.

"மோட்டாரு ஓடலங்களா?" என்றான் மணிமாறன்.

கிருஷ்ணசாமி அம்சாவைப் பார்த்தார். அவள் காலிக் குடத்தைப் பார்த்தாள்.

"இப்பவே போட்டுடறேங்க. எனக்கும் ஒரு ஒதவி பண்ணணும். இங்க ஊர்ல நானும் வூட்டுக்கு மேல மாடி கட்டிட்டேன். கீழ வாடகைக்கு உடப் போறேன். நம்ம வூட்டு மோட்டாருக்கு வேலை செஞ்ச எலக்ட்ரீசியன் நம்பரு கொஞ்சம் அனுப்புங்க."

கிருஷ்ணசாமிக்கு உயிர் திரும்பி வந்தது. பையன் எவ்வளவு முன்னேறிவிட்டான் என்று நெஞ்சு நெகிழ்ந்தது. நம்பரைச் சொன்னார். கேட் லைட்டையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளும்படி யோசனையும் சொன்னார்.

"குடி வர்றவங்க கண்டுபுடிச்சிட மாட்டாங்களே?" என்று கேட்டான் மணிமாறன்.

"அட போப்பா. கீழ்வூட்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?"

"ஆமாங்க" என்றான் மணிமாறன், பழைய பணிவோடு.