உன் காரும் உன் அக்காவும் என் சம்பந்தியும்

இத்தாலி, பாதோவா பக்கம்,
சனிக்கிழமை.

என் மனைவியின் ஒரே தம்பியும், எனக்குக் காரை இரவல் கொடுத்த புண்ணியவானுமான கொஸ்தாக்கேவுக்கு உன் அத்தான் நெகுலாய் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நீயும் உன் வீட்டாரும் உன் தேனீக்களும் நலமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா அக்லாயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் திருத்துவாள். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. அதனால் இதை நிம்மதியாக எழுதி, வாரம் இருமுறை இங்கிருந்து நம் ஊருக்குப் போகிற மினிபஸ்ஸில் நாளை கிளம்பும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த மினிபஸ்ஸிலேயே வந்திருக்கலாம், மச்சான். நான் சொன்னேன். நம் ஒதீலியாவும் மாப்பிள்ளையும் மலீனாவை எங்களிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வேலைக்குப் போனபோது அந்தக் குழந்தைக்கு ஒழுங்காக நடக்கக்கூடத் தெரியாது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு வழியாகத் தனியாக ஒரு வாடகை வீடு பிடித்துவிட்டோம், பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்துவிட்டோம், மலீனாவை அழைத்து வாருங்கள் என்று மகள் போன் செய்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேரப் போகிறோம் என்றேன். அதற்கு உன் அக்கா, "பஸ்ல பாலாடைக்கட்டி வாளிய ஏத்த மாட்டாங்க" என்றாள். அதாவது, வாளிக்காகத்தான் உன் காரை இரவல் வாங்கினோம். குழந்தைக்காக இல்லை.

ஒரு வாளி என்று நினைத்தேன். புறப்படும் அன்று காலையில் பார்த்தால், உப்புத் தண்ணீரில் மிதக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒரு வாளி, புளிப்புச் செர்ரிப் பாகு பெட்டி பெட்டியாக, பிளம் சாராயம் ஒரு கேன், இத்தாலிக்காரர்களின் தலையணை கல் மாதிரி இருக்குமென்று யாரோ சொன்னதால் வீட்டிலிருந்த தலையணை எல்லாம், ஜூலை மாத வெயிலுக்கு இரண்டு பஞ்சு மெத்தைப் போர்வை. இத்தனைக்கும் நடுவே வாசலில் ஒரு பெட்டியோடு நம் சம்பந்தி லெயோந்தே நிற்கிறார். "பேத்தி எனக்கும் பேத்திதானே, சம்பந்தி. நீங்க மட்டும் கொண்டுபோய் விட்டா நல்லாருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முழங்கால் மடங்காதாம். மலீனா அவரை மீசைத் தாத்தா என்று கூப்பிடுவாள், என்னை வெறும் தாத்தா என்பாள். அதில் அவருக்கு இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

இனி உன் காருக்கு வருகிறேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடிக்கும் என்பதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? வலது பக்கம் திருப்பினால் சாதுவாக இருக்கிறது. இடது பக்கம் ஒடித்தால் போதும், கன்றுக்குட்டியைப் பிரித்த மாடு மாதிரி கத்துகிறது. கார்ப்பாத்திய மலை வளைவுகளில் நாங்கள் இறங்கி வந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கத்த, வாளி தளும்ப, உப்புத் தண்ணீர் என் முதுகில் தெறிக்க, "மெதுவாங்க, மெதுவா!" என்று உன் அக்கா ஹாரனுக்கு மேல் கத்த, சம்பந்தி மட்டும் வழியில் வரும் ஊர்ப்பலகைகளை ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். எனக்கும் படிக்கத் தெரியும் என்று சொன்னேன். "தெரிஞ்சா எதுக்கு சம்பந்தி அந்த முக்குல தப்பாப் போனீங்க?" என்றார்.

ஹங்கேரியில் ஒரு ஊருக்கு வெளியே பெரிய ரவுண்டானா. சாலையின் வலது பக்கம் ஓட்டுகிற நாட்டில் ரவுண்டானா என்றால் முழுக்க இடது பக்கம் திருப்புவதுதானே? உள்ளே நுழைந்ததிலிருந்து ஹாரன் நிற்கவேயில்லை. எந்த வழியில் வெளியேறுவது என்று சம்பந்தியைக் கேட்டால், "இது இல்ல, அடுத்தது" என்கிறார். அடுத்தது வந்தால், "ஐயோ, முந்தினதுதான் போல" என்கிறார். அதற்குள் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம் வந்து சேர்ந்தது. ரிப்பன் கட்டிய கார்கள். நாங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து, பெண் வீட்டுக்காரர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் பின்னால் சுற்ற ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர்கள் திரும்பிய பக்கமே நானும் திரும்பினேன், வேறு வழியில்லை. கல்யாண மண்டப வாசலில் போய் நின்றோம். மாப்பிள்ளைப் பையனின் அப்பா வந்து கதவைத் திறந்து சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. சம்பந்திக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை, கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். முழங்கால் மடங்காத மனுஷன் எப்படி ஆடினார் தெரியுமா, மச்சான்? உன் அக்கா ஒரு வாளிப் பாலாடைக்கட்டியில் பாதியை மணப்பெண்ணுக்குச் சீராக எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. மண்டபத்து வாசலிலேயே காரில் படுத்தோம்.

இதெல்லாம் நடக்கும்போது மலீனா ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீட்டில் வாயை மூடச் சொல்லி மிட்டாய் கொடுக்க வேண்டிய பெண். கல்யாண வீட்டில் மட்டும், "தாத்தா, இங்கயே ரெண்டு நாள் இருக்கலாமா?" என்று கேட்டாள். குழந்தைக்குக் கேக் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் பெரிய ஏரியைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். எல்லோரும் இறங்கி, போக வேண்டிய இடத்துக்குப் போய், திரும்ப ஏறினோம். பின் சீட்டில் உன் அக்கா தலை வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அவள் வழக்கமே அதுதான், சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரியும். நான் ஓட்ட ஆரம்பித்தேன். மகளுக்குக் கொண்டுவந்த பாலாடைக்கட்டியில் பாதியை யாரோ ஒருத்திக்குக் கொடுத்ததைப் பற்றி என் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். தலையணைகளைப் பற்றி, சாராயக் கேனைப் பற்றி, நான் சொன்ன பேச்சைக் கேட்டு பஸ்ஸில் வராததைப் பற்றி, கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்காத எல்லா சந்தர்ப்பங்களைப் பற்றியும் சொன்னேன். மச்சான், அவள் பதிலே பேசவில்லை! முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு, இவ்வளவு வருஷம் கழித்து என் பக்கத்து நியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று மனம் இளகிப்போனேன். "சரி விடு அக்லாயா, நானும் கொஞ்சம் கோவக்காரன்தான்" என்றுகூடச் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

"மலீனா, பாட்டிய எழுப்பும்மா."

"பாட்டி இல்லையே தாத்தா."

"இல்லையேன்னா?"

"அது போர்வை. பாட்டி பெட்ரோல் பங்க்ல இருக்காங்க."

சம்பந்தி திரும்பிப் பார்த்தார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"கிளம்பும்போதே."

"ஏண்டி சொல்லல? இவ்வளவு தூரம் வந்தாச்சே!"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "பாட்டிய விட்டுட்டு நீங்க இத்தாலிக்குப் போகமாட்டீங்கல்ல. திரும்பித்தானே ஆகணும்."

நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சம்பந்தி கேட்டார், "உங்கம்மாகிட்ட போக உனக்கு ஆசையா இல்லையாம்மா?"

"ஆசைதான் மீசைத் தாத்தா. ஆனா அம்மாவ எனக்கு போன்லதான் தெரியும். பேச ஒண்ணும் இல்லேன்னா போன வச்சிரலாம். நேர்ல என்ன பண்றது?"

வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், இவள் ஒட்டிக்கொள்ளும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் அதுவும் இல்லை. வண்டியைக் கிளப்பத்தான் எனக்குத் தெரியும், கிளப்பினேன். வாழ்நாள் முழுக்க டிராக்டர் ரிப்பேர் பார்த்தவன் நான். சம்பந்தியும் தலையைக் குனிந்துகொண்டார். முதல் முறையாக ஒரு பலகையையும் வாசிக்காமல் வந்தார்.

நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா? அடுத்த வழி வரும்வரை முன்னால் போய், அப்புறம் திரும்பி வந்தோம். என் கண்ணில் என்னென்ன காட்சி ஓடியது தெரியுமா? உன் அக்கா அழுகிறாள், போலீஸ் வந்திருக்கிறது, அவளிடம் போனும் இல்லை, பாஷையும் தெரியாது. போய்ப் பார்த்தால், பங்க் வாசலில் நிழலாக ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, அந்தக் கடைப் பெண் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க வந்தீங்க? இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருந்தேன்."

இதுதான் உன் அக்கா! நான் வழியெல்லாம் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவளைத் தனியாக அழைத்து, குழந்தை சொன்னதைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள். குழந்தையைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். போய் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என் காதருகே குனிந்து, "வேகமா ஓட்டாதீங்க" என்றாள். அதற்கப்புறம் நான் ஓட்டிய ஓட்டத்தில் லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு டிராக்டர்கூடத் தாண்டியது. கார் இதற்கு மேல் இழுக்க மாட்டேன் என்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லி வைத்தேன். "ஆமாமா, பழைய வண்டி" என்றார் அவர், வாட்ச்சைப் பார்க்காமல்.

அப்படி மெதுவாகப் போனாலும் இத்தாலி வரத்தானே செய்கிறது? நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை கட்டட வேலைக்குப் போயிருந்தான். ஒதீலியா தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சீருடையோடு படியில் ஓடிவந்தாள், பாதியில் நின்றுவிட்டாள். மலீனா என் பின்னால் ஒளிந்துகொண்டு என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகளும் என்னைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், நான் நடுவில் கம்பம் மாதிரி நிற்கிறேன். "பிரயாணம் எப்படி இருந்துச்சு?" என்று மகள் கேட்டாள், விருந்தாளியைக் கேட்பது மாதிரி. "நல்லா இருந்துச்சுங்க" என்றது குழந்தை. பெற்ற தாயை 'ங்க' போட்டுப் பேசுகிறது! உன் அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் போனதும் ஒதீலியா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பு நிற ஷூ. குழந்தைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எங்களிடம்கூட அளவு கேட்காமல் வாங்கியிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து தானே மாட்டிவிடப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். கடைசியாக அவள் பார்த்த பாதத்துக்கு வாங்கிய ஷூ, மச்சான். அவள் கையில் ஷூவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்குகிறது, சத்தம் இல்லை. நாங்கள் மூன்று கிழங்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறோம். அப்போது மலீனா குனிந்து, ஷூவை அம்மா கையிலிருந்து வாங்கி, விரல்களை மடக்கிக் குதிகாலைத் திணித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"விரல இப்படி மடக்கிக்கிட்டா சரியா இருக்கும்மா. பாரேன்."

'பாரேன்' என்றாள், 'பாருங்க' என்று சொல்லவில்லை. இரண்டு எட்டு நடந்தும் காட்டினாள், நொண்டிக்கொண்டு. ஒதீலியா அவளைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். சம்பந்தி என் கைக்குட்டையை வாங்கி அதில் மூக்கைச் சிந்தி, திருப்பியும் கொடுத்தார். கல்யாணத்தில் ஆடிய மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு கைக்குட்டை கிடையாது.

ஆகவே, மச்சான், என் முடிவைச் சொல்கிறேன். ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தாகிவிட்டது. இனி இந்த ஜென்மத்தில் உன் காரைத் தொட மாட்டேன். உன் அக்காவோடும் சம்பந்தியோடும் ஒரே வண்டியில் சர்ச்சுக்குக்கூடப் போக மாட்டேன். நாங்கள் மூன்று பேரும் வியாழக்கிழமை மினிபஸ்ஸில் புறப்படுகிறோம். காரை இங்கேயே நிறுத்திவிட்டு வருகிறேன், உனக்கு வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். வீட்டில் இனி டி.வி. என் கையில், தூங்கும்போது யாரும் மூக்கில் இறகு விட மாட்டார்கள், நிம்மதி. எனக்கு வருத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உன் தேன்கூடுகள் நிறையட்டும், உன் தோட்டத்தில் ஆலங்கட்டி விழாதிருக்கட்டும், ஆண்டவர் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

உன் அத்தான்,
நெகுலாய்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், கஷ்டப்பட்டு எழுதியதாயிற்றே என்று விட்டுவிட்டேன். நீ படித்ததை மறந்துவிடு. இன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், மலீனா தன் அம்மாவிடம், "பள்ளிக்கூடம் திறக்கிறப்ப இங்க வந்துடறேன். அதுவரைக்கும் நீ எங்க ஊருக்கு வாயேன், உனக்கு எல்லாத்தையும் காட்டறேன்" என்றாள். பிறந்து வளர்ந்த ஊரைத் தாய்க்கே காட்டப்போகிறாளாம். ஒதீலியா போய் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை ஆகஸ்டில் வருகிறானாம். திங்கட்கிழமை உன் காரிலேயே புறப்படுகிறோம். செப்டம்பரில் இவர்களை மறுபடி இங்கே கொண்டுவந்து விடுவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதுவரை வண்டி என்னிடமே இருக்கட்டும். பின் சீட்டில் இப்போது ஒரு ஆள் கூடுதல், ரொம்ப நெருக்கடியாக இருக்குமே என்றார் சம்பந்தி. இருக்கட்டும் என்றேன்.