ஊசி படாத தட்டு

அவரைப் பற்றி ஒரு நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்காது. தாராவியில் எங்கள் சந்துக்குள் மழைத் தண்ணீர் ஏறிய ஒரு ஜூலை மாதம், நான் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குத் துணையாக இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் தையல் மிஷினும் அரிசி மூட்டையும் பக்கத்து வீட்டு லாசர் அண்ணனின் பரணில் சொட்டு ஈரமில்லாமல் இருந்தன. அவராக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி ஏஞ்சலம்மாள் மைனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாதா அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் சேர்த்திருப்பாள். பரணில் என் அரிசிக்கும் மேலே, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அவருடைய பாட்டுத் தட்டுகள் இருந்தன. மைனி கீழே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

மேலே தட்டு, நடுவில் அடுத்த வீட்டு அரிசி, கீழே பெண்டாட்டி. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் சேகரிப்பாளர் என்கிற மனித இனத்தை நீங்கள் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

இந்த இனத்தில் தபால்தலைக்காரர் உண்டு, பழைய நாணயக்காரர் உண்டு. லாசர் அண்ணன் தட்டுக்காரர். அதுவும் எல்லாத் தட்டும் இல்லை. தலைமுடியில் எண்ணெய் பளபளக்க இடுப்பை ஆட்டி ராக் அண்ட் ரோல் பாடி உலகத்தையே ஆடவைத்தாரே ஒரு அமெரிக்கக்காரர், அவருடைய சின்னத் தட்டுகள் மட்டும். சிங்கிள் என்பார்கள், இந்தப் பக்கம் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஒரு பாட்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போக, இவர் சோர் பஜாருக்குப் போய், உடைந்த மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே குத்தவைத்து, தட்டை உறையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் இறக்குவது போல இறக்கி, வெயிலில் சாய்த்து, நடுத்தாளில் எழுத்து வெள்ளியா தங்கமா என்று பார்த்து, ஓரத்தில் பொறித்திருக்கும் பொடி எண்ணைப் பூதக்கண்ணாடியால் படித்து, கடைசியில் மோந்தும் பார்ப்பார்.

எல்லாம் செய்வார். பாட்டை மட்டும் கேட்க மாட்டார்.

ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருநாள் கேட்டு, கொதிக்கிற குழம்பை மறந்து அடிபிடிக்க விட்டேன். ஊசி பட்டால் தட்டு தேயுமாம். தேய்ந்தால் மதிப்புப் போச்சாம். அப்போது பாட்டை எதற்காகத் தட்டில் அடைத்தார்கள்? அந்தக் கேள்விக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை, ஞானோபதேச வகுப்பில் கடவுளை யார் படைத்தார் என்று கேட்ட பிள்ளையைச் சாமியார் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

இவ்வளவும் ஆரம்பித்தது மைனியால்தான். மாஹிமில் அவர்கள் கல்யாண விருந்தன்று பேண்டுக்காரர்கள் அந்த அமெரிக்கக்காரரின் மெதுவான பாட்டு ஒன்றை வாசிக்க, லாசர் அண்ணன் ஊரிலிருந்து வந்த அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் பெண்டாட்டியின் கையைப் பிடித்து ஆடினாராம். மைனிக்கு இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. பாட்டு மனதில் தங்கிவிட்டது. அதற்காகத்தான் முதல் தட்டு வாங்கினார். கொஞ்ச காலம் வீட்டில் பாடியும் இருக்கிறது.

பிறகு மாட்டுங்காவில் நாணு சார் பழக்கமானார். ஆபீஸில் ரிட்டயர் ஆகி, தட்டில் குடியேறியவர். அவர் அந்தத் தட்டைப் பார்த்தார். "ஓய் லாசர், இது முதல் அச்சாக்கும். இதுமேலயா ஊசியை வெச்சீர்?" என்றார். அன்று பீரோவுக்குள் போனது தட்டு. மைனிக்குக் கேட்க வேறு ஒன்று வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார் அண்ணன்.

வாக்குத் தவறுகிறவர் இல்லை அவர். வாங்கினார். வீட்டில் வந்து பார்த்தால் அதில் நடுத்தாளின் நிறம் வேறு. அதுவும் பீரோவுக்குள். இன்னொன்று வாங்கினார். அதில் பாட்டின் பெயரைப் பக்கம் மாற்றி ஒட்டியிருந்தார்கள். நாமாக இருந்தால் திருப்பிக் கொடுப்போம். இந்த உலகத்தில் தப்புக்குத்தான் மரியாதை. பீரோ. இப்படி அந்த ஒரே பாட்டு பீரோவுக்குள் பெருகிப் பெருகி, மைனியின் சேலைகள் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டிக்குக் குடிபோயின.

இதற்கிடையே மைனிக்குக் காது மங்க ஆரம்பித்தது. நரம்புக் கோளாறு, ஒரு காது போய்விட்டது, மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைனி எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"காது இருக்கும்போதே அதை ஒருக்கா போடுங்களேன்."

"போடாம இருப்பனா ஏஞ்சலு? அதுக்குன்னே ஒண்ணு தேடிக்கிட்டுல்லா இருக்கேன்."

தேடினார். கிடைத்தும் விட்டது. முகமெல்லாம் கீறல் விழுந்து, ஓரம் நைந்து, உறைகூட இல்லாத தட்டு. இதற்குமேல் எது கெட முடியும்? மைனி பாட்டுப் பெட்டியின் மேலிருந்த பூத்துணியை எடுத்து உதறி, ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டே தூசி துடைத்தார். என்னையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் தட்டைக் கையில் எடுத்தார். நடு ஓட்டையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நாணு சாருக்குப் போன் போட்டார்.

நடுப்பாகம் வெட்டி எடுத்த தட்டாம் அது. அந்தக் காலத்தில் ஈரானி ஹோட்டலில் காசு போட்டால் பாடும் பெட்டிக்குள் ஓடியதாம். அப்படிப்பட்டது லேசில் அகப்படாதாம். அதுவும் பீரோ.

மைனி பூத்துணியை மறுபடி போர்த்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். சிரித்துவிட்டு எழுந்துபோய் உங்கள் ஷோகேஸைத் திறந்து பாருங்கள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்த பீங்கான் தட்டில் இதுவரை எந்த விருந்தாளி சாப்பிட்டார்? சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற எந்தப் பெருநாளுக்குக் காத்திருக்கிறீர்கள்? அலமாரியில் இருக்கும் அந்தத் தங்க ஓரம் போட்ட வேதாகமம், அதன் தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டித்தானே இருக்கின்றன? லாசர் அண்ணனிடம் ஒரு பாட்டுத்தான் பூட்டிக் கிடந்தது. உங்கள் வீட்டுச் சாவிக்கொத்து எவ்வளவு பெரிது?

போன மாதம் அவர்கள் ஐரோலிக்கு, மகன் சாஜன் வீட்டோடு போய்விட்டார்கள். கட்டிலும் பாத்திரமும் டெம்போவின் பின்னால் ஏறின. தட்டுப் பெட்டியை அங்கே ஏற்றினால் குலுங்குமே. ஆகவே அது முன் சீட்டில், மைனியின் மடியில். நான் கதவோரம் நின்று, மாதா துணையிருப்பாள், நொவேனா ஜெபத்துக்கு மாஹிம் கோயிலுக்கு வரும்போது வீட்டுக்கு வாங்க என்று மைனியிடம் சொன்னேன். மைனி என் வாயைப் பார்த்துச் சிரித்தார். டெம்போக்காரன் ஹாரனை அழுத்தினான். சந்தே திரும்பிப் பார்த்தது. மைனி என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

லாசர் அண்ணன் சுற்றி வந்து, மைனியின் மடியில் பெட்டியைச் சரியாக நிமிர்த்தி வைத்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"அங்க தூசி கம்மியாம், தங்கச்சி. போன உடனே இவளுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிரணும். சுமாரான தட்டு ஒண்ணு மட்டும் கெடைச்சிட்டா போதும்."