எங்கள் லைனில் ஒரு லைன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கோழி கிளறிவிட்டது போல இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு. சின்ன ‘ர’, பெரிய ‘ற’ இரண்டில் எது எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பத்திரிகையில் இருப்பவர்கள் பெரிய மனது வைத்துத் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில் ஏறாத மலையில், தண்டவாளமே இல்லாத ஊரில், எல்லோரும் ஒருமனதாக ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ என்று கூப்பிடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஏற்காட்டில், எங்கள் எஸ்டேட்டில், எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

தொழில் ஃபிட்டர். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷினை முப்பது வருஷம் கட்டி மேய்த்தவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்த மிஷின் அவர் திட்டினால்தான் ஓடும் என்பதால், வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் எஸ்டேட் விட்டு வைத்திருந்தது.

ஐம்பது வயது வரை அவர் ஒரு ரயிலைக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. மகளின் மாமனார் மாமியாரை அழைத்துவர சேலம் ஜங்ஷனுக்குப் போனார். ரயில் நாலு மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இன்னும் நாலு மணி நேரம் லேட்டாகாதா என்று உட்கார்ந்திருந்தாராம். சம்பந்தி வந்து இறங்கியபோது, “கொஞ்சம் இருங்க, அந்த எஞ்சினைத் திருப்பறதைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார். மலைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்:

“அத்தனை பெரிய சாமான் நம்ம மலை ஏறாது சாமி. சின்னதா இருந்தா எப்படியும் ஏறிடும்.”

ஏறிவிட்டது. மகள் போனில் ஆர்டர் போட்டு, பார்சல் பஸ்ஸில் வந்தது. பிரித்தால் உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு எஞ்சின். என் நடுவிரல் நீளம். தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. மீதி எப்போது வரும் என்று கேட்டேன். மீதி கிடையாது, நிஜ ரயிலில் நூற்று அறுபதில் ஒரு பங்குதான் இது, உலகம் முழுக்க இந்த அளவில் வீட்டுக்குள் ரயில் விடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்றார். பெரிய அளவில் வைத்தால் பங்களா வேண்டும். இந்த அளவுக்கு லைன் வீடே போதும்.

லைன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த அத்தனை வம்பும் இந்த ஒரு வார்த்தையால்தான். எஸ்டேட்டில் தொழிலாளிகள் இருக்கிற வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். எங்களுடையது அஞ்சாம் லைன். அதில் கடைசி ரூம் ஒழுகும் என்பதால் யாரும் குடியில்லை. ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பழைய ரைட்டர், மிஷின் சாமான் போட்டுக்கொள்ளச் சொல்லி சாவியை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்திருந்தார். அந்த ரூமில்தான் ரயில் லைன் போட்டார்.

அன்று முதல் உலகத்தையே நூற்று அறுபதால் வகுக்க ஆரம்பித்துவிட்டார். காப்பிக் குச்சியில் ஒரு சென்டிமீட்டர் ஆட்களைச் செதுக்கி ஸ்டேஷனில் பயணிகளாக நிறுத்தினார். “நீ ஒரு சென்டிமீட்டரு சாமி. நான் ஒன்னு புள்ளி ஒன்னு” என்பார். புது மேனேஜர் வந்து எல்லோரும் எழுந்து நின்ற அன்று இவர் மட்டும் எழவில்லை. “எதுக்கு எந்திரிக்கறீங்க? ஒன்னேகால்கூட வரமாட்டாருங்க அவரு” என்றார். நல்ல வேளை, மேனேஜருக்கு எது ஒன்றேகால் என்று புரியவில்லை.

தண்டவாளத்துக்கு இடையில் ஜல்லி வேண்டுமே. கேழ்வரகைப் பசை போட்டு ஒட்டினார். பார்க்க அச்சு அசல் ஜல்லி. மறுநாள் காலை கதவு திறந்திருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பழனியம்மாக்காவின் கோழி உள்ளே போய் ஒன்றரை மீட்டர் ரயில்வேயைத் தின்றுவிட்டது. அவர் கோபப்படவில்லை. நோட்டில் விபத்து அறிக்கை எழுதினார்: ‘காலை ஏழு மணிக்கு இருநூறு அடி உயரமுள்ள கோழி ஒன்று ஸ்டேஷனுக்குள் புகுந்தது. பயணிகளுக்குச் சேதமில்லை.’ பிறகு ஓடை மணலைச் சலித்து ஒட்டினார்.

கோழியைத் தேடி வந்த பழனியம்மாக்கா ரயிலைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே குந்திவிட்டார். காப்பிப் பழம் பறிப்பதில் அவரைப்போல வேகமான கை எங்கள் எஸ்டேட்டில் இல்லை. அந்தக் கை சும்மா இருக்குமா?

“ஏனுங்க மாஸ்டரே, இந்த ரயிலு எங்கூட்டு வாசலுக்கு வராதுங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் ரயில்வே வளர ஆரம்பித்தது. இரண்டடிப் பலகை ஒன்றை அவரிடம் கொடுத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒரே ஒரு சட்டம் சொன்னார்: “பலகைக்கு உள்ள உங்க இஷ்டம். ரெண்டு மொனை மட்டும் என் இஷ்டம்.” முனையில் தண்டவாளம் சொன்ன இடத்தில் இருந்தால்தான் அடுத்த பலகையோடு சேரும். உள்ளே மலை வைக்கலாம், குளம் வைக்கலாம், கேட்பாரில்லை. அக்கா தன் வீட்டை வைத்தார். கொடியில் காய்கிற சிவப்புச் சேலைகூட இருந்தது, நகத்துணுக்கு அளவில்.

அதைப் பார்த்துவிட்டு எந்த வீடு சும்மா இருக்கும்? ஒருவர் மஞ்சக்குட்டை ஜீப் ஸ்டாண்டைச் செய்தார். ஜீப்பில் இருபத்தேழு பேர் தொங்கினார்கள். அளவு சரியா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதுதான் நிஜம். குழாயடிச் சண்டையில் மூன்று வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனிப் பலகை செய்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டுமென்றே இரண்டையும் பக்கத்தில் வைத்தார். முனை சேரவில்லை, ரயில் கவிழ்ந்தது. “உன்து ஒசரமா இருக்குது.” “உன்துதான் பள்ளம்.” மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் இவை. தலைச்சோலை விவசாயி ஒருவர் தன் தோட்டத்தைப் பலகையில் செய்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் அது என்ன என்று கேட்க, “தலைச்சோலை” என்றாராம். “டிக்கெட் கேக்கல, மடியில என்னன்னு கேட்டேன்.” “அதைத்தானுங்க சொல்றேன்.”

இனி என் கதை. நான் களத்தில் கொட்டை கிளறுகிறவன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. டீ கேட்டுக் காப்பி வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு வருவேன். ஒருமுறை பஸ்ஸில் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, என் நிறுத்தத்தைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரை போய்விட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைத்தான் அறிவிப்பாளராகப் போட்டார். என்னால் முடியாது என்று முணுமுணுத்தேன்.

“இதத்தான் சொல்றேன் கண்ணு. எல்லாத்தையும் அளவா செஞ்சுட்டேன். குரலு மட்டும் கிடைக்கல. ஊருக்குள்ள எல்லாம் முழுசாக் கத்தறாங்க. உன் குரல் ஒன்னுதான் ஒன்னுக்கு நூத்தி அறுபது.”

ஒரு சாக்கைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசினால் ரூமில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக் கேட்பார்கள், இல்லாவிட்டால் காதில் விழாது. என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்பதற்காக மனிதர்கள் வாயை மூடியது அங்கேதான்.

இப்படி எட்டுப் பலகை சேர்ந்திருந்த சமயத்தில், பழனியம்மாக்கா பஸ்ஸில் தங்கச்சியிடம் போன் பேசினார். “நம்ம லைன்ல புதுசா லைன் போட்டாச்சு புள்ள. எட்டு ஊட்டுக்காரங்க சேந்துட்டாங்க. மஞ்சக்குட்டையும் வந்துடுச்சு. தலைச்சோலையும் சேந்துக்குச்சு. இன்னும் நொம்பப் பேரு கேக்கறாங்க. ஆபீசுக்கெல்லாம் யாரும் சொல்லல.” முன் சீட்டில் புது ரைட்டர் உட்கார்ந்திருந்ததை அக்கா கவனிக்கவில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ‘அனுமதியின்றி எஸ்டேட்டில் புதிய லைன் போட்டது உண்மையா?’ ஸ்டேஷன் மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்: ‘உண்மை. விரைவில் இரட்டை லைன் ஆக்க உத்தேசம்.’

இரண்டாவது கடிதம் கொஞ்சம் பெரியது. வரும் ஞாயிறு மேனேஜர் நேரில் வந்து புதிய லைனை இடிப்பார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மாதக் கடைசிக்குள் தன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். அதனால் மற்றவர்கள் வேகமாகத் தாண்டிப்போன ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். ‘புதிய லைன் குடியிருப்பு’ என்று இருந்தது. நாங்கள் எஸ்டேட் நிலத்தில் திருட்டுத்தனமாக வரிசை வீடு கட்டுகிறோம் என்று ஆபீஸ் நினைத்திருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. லைன் என்றால் லைன்தான், பெரிய ஆபீசுக்கு இதுகூடவா தெரியாது, இது ரயில்வே மேல் பொறாமை என்றார். சரி, நானே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை ஆபீஸ் வரை போனேன். மூன்று முறையும் வாட்ச்மேன் என்ன வேண்டும் என்று கேட்டார். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறு காலை மேனேஜர், ரைட்டர், கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். லைனே கடைசி ரூமுக்கு முன்னால் கூடி நின்றது.

“எத்தனை லைன் போட்டிருக்கீங்க?” என்றார் மேனேஜர்.

“மெயின் லைன் ஒன்னு, லூப் லைன் ரெண்டுங்க” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“மூணு லைனா? எத்தனை பேர் இருக்காங்க?”

“நூத்தி நாப்பது பேருங்க. இந்த மாசம் இன்னும் அறுவது பேரு வர்றாங்க.”

“எல்லாருக்கும் தண்ணி, கரண்ட்?”

“தண்ணி வேணாமுங்க. கரண்ட் பன்னெண்டு வோல்ட்டு போதும்.”

மேனேஜரின் முகம் சிவந்தது. ரைட்டர் எழுதிக்கொண்டே இருந்தார். கடப்பாரைக்காரர்கள் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்கள். மேனேஜர் முன்னால் போய்ப் பேச என்னால் முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பேசுவதற்கு எனக்கென்று ஓர் இடம் இருக்கிறதே. கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிப்போய், கடைசி ரூமுக்குள் நுழைந்து, சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி மேனேஜரை நூற்று அறுபதால் வகுத்தேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றேன்.

பழக்க தோஷத்தில் லைன் முழுக்க வாயை மூடியது. யாரோ மேனேஜரையும் “உஸ்” என்றார்கள்.

“மேனேஜர் அய்யா இடிக்க வந்திருக்கும் லைன், இந்த ரூமில் முதலாவது நடைமேடையில் உள்ளது. அதன் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். இது வீட்டு லைன் அல்ல, ரயில் லைன். இதில் குடியிருக்கும் அனைவரும் ஒரு சென்டிமீட்டர் உயரம் உள்ளவர்கள். செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லை. ஆபீசில் முன்பே சொல்லாததற்கு அறிவிப்பாளர் வருந்துகிறார்.”

பிறகு தாழ்வான வாசலில் ஒரு தலை குனிந்து உள்ளே வருவது சாக்கின் ஓட்டை வழியாகத் தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சுவிட்சைப் போட்டார். ரயில் கிளம்பி, சிவப்புச் சேலையைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, அண்ணன் பலகையிலிருந்து தம்பி பலகைக்கு ஆடாமல் போய், தலைச்சோலை மரங்களுக்குள் மறைந்து திரும்பி வந்தது. மேனேஜர் மூன்றாவது சுற்றில் குந்திவிட்டார். குந்தினால்தான் கண் ரயிலுக்கு நேராக வரும். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

வெகுநேரம் கழித்து, “இதுல நம்ம ஆபீஸ் எங்க?” என்று கேட்டார்.

“பலகை ஒன்னு தர்றேனுங்க சார். உள்ள உங்க இஷ்டம். ரெண்டு மொனை மட்டும் என் இஷ்டம்.”

மேனேஜர் ரைட்டரிடமிருந்து கடிதத்தை வாங்கி, காலி செய்யச் சொன்ன வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினார்: ‘லைன் நேரில் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.’ ஸ்டேஷன் மாஸ்டர் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். இப்போது பலகைகள் பத்தொன்பது. கூரைக்கும் ஆபீசே ஓடு மாற்றிக் கொடுத்தது.

அன்று எல்லோரும் போன பிறகு, ஸ்டேஷன் மாஸ்டர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, நடு ஸ்டேஷனைப் பார்க்கச் சொன்னார். பிளாட்பாரத்தில் காப்பிக் குச்சியில் செதுக்கிய ஒரு ஆள் மைக்கோடு நின்றிருந்தான். சட்டை என் சட்டை நிறம்.

“எப்பவோ வெச்சுட்டேன் சாமி. சுத்தி நிக்கறவங்களப் பாரு.”

பார்த்தேன். அந்த ஸ்டேஷனில் இருந்த ஒருவர்கூட ரயிலைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவனைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

இப்போது நான் டீ கேட்டால் டீ வருகிறது. பஸ்ஸும் என் நிறுத்தத்தில் நிற்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் கண் ஆபரேஷனுக்காக சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வரும் ஞாயிறு திரும்புகிறார். நூற்றுக்கணக்கான ஆட்களைச் செதுக்கியவர் தன்னை மட்டும் செதுக்கிக்கொள்ளவே இல்லை. அதனால் இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நான் ஒருவரைச் செதுக்கி, மைக் பிடித்தவனுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஒன்று புள்ளி ஒன்று இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் வந்துவிட்டது. புதுக் கண்ணோடு வந்து பார்த்தவுடன் அளவு தப்பு என்பார். நான் நாலு தடவை அளந்துவிட்டேன். எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், மழை விட்ட வெள்ளிக்கிழமை. அவர் வர இன்னும் இரண்டு நாள்.